அரைப் பேரும் விடுபட்ட எழுத்தும்: மலையகத் தமிழ்ப் பெயர்களின் எழுத்து வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தோட்டங்களிலே ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். காலையிற் பிரட்டுக்களத்திலே கூடி, மலைக்குச் சென்று, கொழுந்து நிறுத்து, செக்ரோலில் ஒரு நாட் கூலி பதியப்பட்டால் அத்தொழிலாளிக்குப் பேர் கிடைத்தது என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்துவிட்டால் கிடைப்பது அரைப் பேர். உழைப்பின் அளவையும் உழைப்பவரின் அடையாளத்தையும் ஒரே சொல்லாற் சுட்டும் இவ்வழக்கு தற்செயலானதன்று. பெருந்தோட்ட உற்பத்தி உறவுகளினுள் தொழிலாளி என்பவர், பேரேட்டில் ஒரு வரியாக இருக்கும் அளவுக்கே இருப்பவராகக் கருதப்பட்டார். அவ்வாறாயின், அவ்வரி யாருடைய கையால், எந்த மொழியில், எவ்வெழுத்துகளைக் கொண்டு எழுதப்பட்டது என்னும் வினா வெறும் எழுத்திலக்கண வினாவாக நின்றுவிடாது. கூலியோடும் குடியுரிமையோடும் நேரடித் தொடர்புடைய வினாவாகிவிடும்.

இவ்வினாவை இக்கட்டுரையாளர் எதிர்கொள்ள நேர்ந்தது ஒரு தொழில்நுட்பச் சிக்கலின் வழியாகும். சில ஆண்டுகளுக்கு முன்னர், நுவரெலியா, ஹற்றன் பகுதிகளிலே தோட்டக் குடும்பங்கள் பாதுகாத்து வைத்திருந்த பழைய கடிதங்கள், சேவை அத்தாட்சிகள், செக்ரோற் படிகள் ஆகியவற்றைப் படியெடுத்து ஒரு தொகுதியாக வெளியிடும் பணியில் நாம் சிலர் ஈடுபட்டிருந்தோம். ஆவணங்கள் யாவும் எக்ஸ்எம்எல் என்னும் குறியீட்டு வடிவில் உள்ளிடப்பட்டன. அச்சுக்கு அனுப்புவதற்காக அவற்றைப் பி.டி.எவ். பக்கங்களாக மாற்றினோம். முதற் பக்கத்தில் தோட்டத்தின் பெயர் ஆங்கிலத்தில் ஒழுங்காக இருந்தது, துரையின் பெயர் இருந்தது, திகதி இருந்தது, கூலித்தொகை சதம் வரை சரியாக இருந்தது. தொழிலாளியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ########## என்று ஒரு வேலி நின்றது.

அப்பக்கத்தைக் கண்டவுடன் எமக்கு முதலில் வந்தது சிரிப்பே. பின்னர்தான் யோசித்தோம். நூறாண்டுக் காலப் பெருந்தோட்டப் பதிவேடுகளின் உள்ளியல்பை அப்பக்கம் தன்னையறியாமலே வரைந்து காட்டியிருந்தது.

இனி, எழுத்து எவ்வாறு விடுபட்டது என்பதைப் பார்ப்போம். 1998இல் நியமமாக வெளியிடப்பட்ட எக்ஸ்எம்எல், யுனிக்கோட் எனப்படும் ஒருங்குறியைத் தன் அடிப்படையாகக் கொண்டது. எனவே மூலக் கோப்பில் தமிழ் எழுத்து எந்தச் சேதமுமின்றி இருந்தது. பி.டி.எவ். என்பதோ பக்கத்தின் உருவத்தைக் காப்பதற்கென அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட வடிவம். 2008இல் அது சருவதேச நியமமாயிற்று. அவ்வடிவத்தின் தொடக்க ஏற்பாட்டின்படி, வாசிக்கும் கருவி எப்போதும் தன்னிடத்தே வைத்திருக்கவேண்டிய எழுத்துருக்கள் 14. டைம்ஸ், ஹெல்வெற்றிக்கா, கூரியர் ஆகிய மூன்றின் நந்நான்கு வடிவங்களும், குறியீடுகளுக்கென இரண்டும். இப்பதினான்கில் தமிழ் இல்லை. சிங்களம் இல்லை, அரபு இல்லை, சீனம் இல்லை. இலத்தீன் எழுத்துக்கு வீடு கட்டாயமாக உண்டு. ஏனையவை தத்தம் கூரையைத் தாமே சுமந்து வரவேண்டும். அதாவது, தமிழ் ஆவணத்தினுள் தமிழ் எழுத்துருவையும் சேர்த்துப் பதித்தாக வேண்டும்.

நாம் பயன்படுத்திய அப்பாச்சி எவ்.ஓ.பி. என்னும் மாற்று மென்பொருள், வேறு எழுத்துரு எதுவும் குறிக்கப்படாதவிடத்து மேற்கூறிய அடிப்படை எழுத்துருக்களையே கையிலெடுக்கிறது. அவற்றில் இல்லாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு # குறியை இட்டுவிட்டு, 'இவ்வெழுத்து இவ்வெழுத்துருவில் இல்லை' என்ற பொருள்பட ஓர் எச்சரிக்கை வரியைத் தன் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, வேலையை முடித்துவிடுகிறது. எடுத்துக்காட்டாகப் பழனியாண்டி என்ற பெயரைக் கொள்வோம். தமிழ்க் கணக்கிலே அது 6 எழுத்து. ஒருங்குறியிலோ மெய்யுருவும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் 10 இடம். ஆகவே ஆறெழுத்துப் பெயர் பத்து வேலிக்குறிகளாக மாறியது. எச்சரிக்கை வரிகளை எவரும் வாசிப்பதில்லை, நாமும் வாசிக்கவில்லை.

விடுபட்ட எழுத்து கணினியோடு பிறந்ததன்று. ஈய எழுத்துக் காலத்தில், கோக்கும்போது பெட்டியில் ஓர் எழுத்துத் தீர்ந்துபோனால், அதே பருமனுள்ள வேறோர் எழுத்தைத் தலைகீழாக நிறுத்தி இடத்தைப் பிடித்து வைப்பது உலகெங்கும் அச்சுத் தொழிலாளரிடையே நிலவிய வழக்கம். யப்பானிய அச்சகங்களிலே அவ்வாறு தலைகீழாய் நின்ற ஈயத்தின் அடிப்பாகம் மரச்செருப்பின் சுவடு போலத் தோன்றியமையால் அதற்குச் செருப்பின் பெயரே வழங்கலாயிற்று. அச்சுவடு இன்று ஒருங்குறியிலும் ஒரு குறியாக இடம்பெற்றுள்ளது. தலைகீழ் எழுத்துக்கு ஒரு நேர்மை உண்டு. 'இங்கே ஒன்று குறைகிறது' என்று கோத்தவர் திருத்துபவருக்குக் கூறும் செய்தி அது. இருவரும் ஒரே கூடத்தில் நின்று வேலை செய்தனர். மறுநாள் எழுத்து வார்த்து வந்ததும் இடம் நிரப்பப்பட்டது. # குறியும் அதே செய்தியைத்தான் கூறுகிறது. கேட்பதற்கு அந்தக் கூடத்தில் ஆளில்லை என்பதே வேறுபாடு.

தமிழ் அச்சின் தொடக்கமே எழுத்து வார்ப்பதற்கான போராட்டமாக இருந்தமை அறிந்ததே. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானபோது எழுத்துகள் புதிதாக வார்க்கப்பட்டன. 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துகள் அளவுக்கு மிஞ்சிப் பெரியனவாக இருந்தமையால், சிறிய எழுத்துகளை அங்கேயே வார்க்க வேண்டியதாயிற்று. இலங்கையிலே அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்தில் அச்சகம் நடத்தியது. 1841இல் 'உதயதாரகை' வெளிவரத் தொடங்கியது. இவ்வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் மிசனரிமாரின் முயற்சியையும் புலவர்களின் பதிப்புப் பணியையும் விதந்துரைப்பர். நாம் கவனிக்க வேண்டியது பிறிதொன்று. எழுத்துப் பெட்டி என்பது ஓர் உற்பத்திச் சாதனம். அதனை உடையவர் எதனை அச்சிட விழைகின்றாரோ அதற்குரிய எழுத்துகளே பெட்டியில் நிரம்பியிருக்கும்.

மலையகத்திலே அப்பெட்டி நீண்ட காலம் இருக்கவில்லை. கோப்பிக் காலத்தைப் பாடும் ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இல் யாழ்ப்பாணத்திலேதான் அச்சேறியது. மலையகத்தைப் பொருளாகக் கொண்ட முதல் தமிழ் நூலாக அது எண்ணப்படுகிறது. பாடியவர் தோட்ட நிருவாகத்தைச் சார்ந்த உத்தியோகத்தர். மலையில் வேலை செய்தவரல்லர். அதே ஆண்டிலேதான் கோப்பிச் செடியை அழித்த இலைநோய் இலங்கையிற் கண்டறியப்பட்டது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே, 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டுவிட்டார். பயிர் மாறியது, பதிவேட்டின் மொழி மாறவில்லை.

தமிழ் எழுத்து மலையகத் தொழிலாளரின் கருவியாக மாறத் தொடங்குவது கோ. நடேசய்யரின் வருகையோடு எனலாம். 1920களில் அவர் நடத்திய 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகள் கொழும்பிலிருந்து வெளிவந்தன. 1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அவர் நிறுவினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை தொழிலாளர் கூட்டங்களிலே பாடிய பாட்டுகள் சிறு பிரசுரங்களாக அச்சிடப்பட்டன. இப்பிரசுரங்களின் காகிதமும் அச்சும் மலிவானவை, எழுத்துகள் தேய்ந்தவை. இலக்கிய வரலாற்றாசிரியர் பலர் இவற்றை இலக்கியமாகக் கொள்ளத் தயங்கியமைக்கு அவற்றின் தோற்றமும் ஒரு காரணமோ என்று இக்கட்டுரையாளர் ஐயுறுவதுண்டு. எனினும், தொழிலாளியைப் பற்றித் தொழிலாளி கேட்டு விளங்கும் மொழியில் அச்சுக் கருவி பேசியது இங்கேதான்.

பத்திரிகையில் இவ்வாறிருக்க, பதிவேட்டிலோ நிலைமை வேறு. தொழிலாளி இலங்கைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அவரைப் பற்றி எழுதப்பட்ட தாள்களை வரிசைப்படுத்தினால் இது தெளிவாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகரத் துண்டில், சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமுமே பொறிக்கப்பட்டிருந்தன. அதற்கு முன்னரே வழக்கிலிருந்ததும் 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டதுமான காகிதத் 'துண்டு', தொழிலாளியின் கடனை இன்னொரு தோட்டம் தீர்த்தால் அவரை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டு. அதிலே முக்கியமானது தொகை. பெயர் அதற்கு ஒரு கொளுவி. செக்ரோல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தோட்டத்துப் பிறப்பு இறப்புகளை அறிவிக்கும் கடமையும் சட்டத்தால் துரையிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது. கங்காணி வாயாற் சொன்னதைக் கணக்கப்பிள்ளை காதாற் கேட்டு, கிளாக்கர் உரோம எழுத்தில் எழுதி, துரை கையொப்பமிட்டதே பெயராயிற்று. உரோம எழுத்திலே லகர ளகர ழகரங்களுக்கு ஒரே எழுத்து. நகர னகர ணகரங்களுக்கும் ஒன்றே. பழனியாண்டியும் வள்ளியம்மையும் தத்தம் எழுத்தை முதலில் இழந்தது இங்கே.

1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர் இச்சங்கிலியிலே இன்னொரு கண்ணி சேர்ந்தது. உரோம எழுத்திலிருந்த பெயர் சிங்கள எழுத்துக்கு மாற்றப்பட்டது. சிங்கள வரிவடிவத்தில் லகர ளகர வேறுபாடும் னகர ணகர வேறுபாடும் உண்டு. ஆனால் ஆங்கிலத் தாளைப் பார்த்து எழுதும் எழுதுவினைஞருக்கு எதனை இடுவது என்று தெரிய வழியில்லை. ழகரத்துக்கும் றகரத்துக்கும் அங்கே தனியெழுத்தும் இல்லை. பின்னர் அச்சிங்களப் பெயர் மீண்டும் தமிழுக்கு வரும்போது பழனியாண்டி பலனியாண்டியாகவும், வள்ளியம்மை வல்லியம்மாவாகவும் வந்து சேர்வர். தகப்பன் பெயரின் முதலெழுத்தான 'ப.' ஆங்கில எழுத்தின் ஒலியைத் தழுவிப் 'பி.' ஆகிவிடும். இதனைச் சிங்கள எழுத்தின் குறையென்று கூறுவது தவறு. தமிழ் வரிவடிவத்தில் எழுதப்படும் சிங்களப் பெயரும் தன் வர்க்க எழுத்துகளை இழக்கவே செய்கிறது. எந்த எழுத்தும் பிறமொழிப் பெயரை முழுமையாகத் தாங்குவதில்லை. இழந்ததைத் திருத்துமாறு கேட்கும் அதிகாரம் எவருக்கு இருந்தது, எவருக்கு இருக்கவில்லை என்பதிலேதான் வரலாறு தங்கியுள்ளது.

அதிகாரமின்மையின் விலை யாதென்பதைக் குடியுரிமை வரலாறு காட்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்கள், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க வேண்டியவராயினர். மணமானோர் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முந்திய 7 ஆண்டுகளும், மணமாகாதோர் 10 ஆண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை நிறுவ வேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேர். வதிவிடத்தை நிறுவுவதற்குத் தொழிலாளியிடம் இருந்த சான்று தோட்டத்துப் பதிவே. ஒரு தோட்டத்தின் ஏட்டில் ஓரெழுத்தோடும் மற்றத் தோட்டத்தின் ஏட்டில் வேறோர் எழுத்தோடும் இருந்த பெயர் ஒருவருடையதே என்பதை நிறுவும் சுமை விண்ணப்பதாரியின் தலையில் விழுந்தது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இங்கும் 'பேர்' என்பது எண்ணாகவே நின்றது. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டரீதியான முடிவு 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களோடுதான் வந்தது. அதன் பின்னரும், ஊழியர் சேமலாப நிதியைப் பெறச் செல்லும் முதியவரின் அடையாள அட்டையில் ஒரு பெயரும், தோட்டத்து ஏட்டில் இன்னொரு பெயரும் இருந்து, இரண்டும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டிய நிலை மலையகத்தில் எவருக்கும் புதிதன்று.

எழுத்துக்காக உயிரே போன வரலாறும் மலையகத்துக்கு உண்டு. 1957இல் வாகன இலக்கத் தகடுகளிலே சிங்கள ஸ்ரீ எழுத்து புகுத்தப்பட்டதை எதிர்த்து எழுந்த இயக்கம் தோட்டப்புறங்களுக்கும் பரவியது. 1958இல் பொகவந்தலாவையில் பொலிசார் சுட்டதில் தொழிலாளர் இருவர் மாண்டனர். அந்த ஸ்ரீ எழுத்தே நமது தொகுதியிலும் தொல்லை கொடுத்தது என்பதைக் கூறினால் வாசகர் வியக்கக்கூடும். ஒருங்குறியில் அதனை இரு வகையாக எழுதலாம். ஒன்று ஸகரத்தை முதலாகக் கொண்டது. மற்றது 2005இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தை முதலாகக் கொண்டது. புதிய எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவாகத் தோன்றும். பழைய எழுத்துருவில் ஶகரம் இல்லாமையால், கோயிற் பெயரின் தலையிலே ஒரு வெற்றுக் கட்டம் வந்து உட்கார்ந்துவிடும். கட்டம் வராவிட்டாலும், ஒரு வகையால் எழுதியதை மறு வகையால் தேடினால் கிடையாது.

இவ்விடத்திலே விடுபடுதலின் வேறுபட்ட நிலைகளைப் பிரித்தறிதல் அவசியம்; ஏனெனில் நோய் வேறாயின் மருந்தும் வேறு. எழுத்துருவில் எழுத்தே இல்லாத நிலையை மேலே கண்டோம். அதற்கு மருந்து தமிழ் எழுத்துருவைச் சேர்ப்பதுதான். பக்க அமைப்பைக் கூறும் நடைத்தாளில், இலத்தீன் எழுத்துருவின் பெயரை அடுத்துத் தமிழ் எழுத்துருவின் பெயரையும் வரிசையில் எழுதவேண்டும். அவ்வெழுத்துருவின் கோப்பு எங்குள்ளது என்பதை மென்பொருளின் அமைப்புக் கோப்பிலும் பதியவேண்டும். பெயரை மட்டும் எழுதிவிட்டுக் கோப்பைக் காட்டாமல் விடுவதே பெரும்பாலும் நேரும் பிழை. எமக்கும் அதுவே நேர்ந்தது.

எழுத்துரு சேர்ந்த பின்னரும் 'பொகவந்தலாவை'யும் 'கொட்டகலை'யும் சீர்கெட்டே வந்தன. கொகரத்தின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் நின்றது. தமிழிலே ஒகரக் குறி எழுத்தின் இருபுறமும் நிற்பது. ஒருங்குறியிலோ மெய்யை அடுத்தே அதன் இடம். இடம் மாற்றி அமைக்கும் வேலையை எழுத்துருவிலுள்ள விதிகளை வாசிக்கத் தெரிந்த அமைப்பு இயந்திரமே செய்யவேண்டும். நாம் பயன்படுத்திய மென்பொருளிலே சிக்கலான வரிவடிவங்களுக்கான அத்தகைய ஆதரவு 2012இல் வெளிவந்த 1.1ஆம் பதிப்பிலேதான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. எம்மிடமிருந்ததோ அதற்கு முந்தியது. எழுத்து இருக்கிறது, ஒழுங்கு இல்லை. இது கட்டத்தைவிட ஆபத்தானது. தமிழறியாத அச்சகத்தாரின் கண்ணுக்கு இப்பக்கம் சரியாகவே தோன்றும்.

மூன்றாவது நிலை, இலங்கையில் பரவலாக வழங்கிய பாமினி போன்ற பழைய எழுத்துருக்களோடு தொடர்புடையது. 'தமிழ்' என்று அதில் தட்டச்சிட்டால் கோப்பினுள் உண்மையிற் பதிவது ஆங்கில ஜே, கே, பீ, ஓ ஆகிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. அவற்றுக்குத் தமிழ் முகமூடி அணிவிப்பது எழுத்துரு. முகமூடி கழன்றால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கிலம். தொழிற்சங்க மலர்களும் தோட்டப் பாடசாலைச் சஞ்சிகைகளும் இவ்வாறே தட்டச்சிடப்பட்டன. இவற்றை மூலத்திலேயே ஒருங்குறிக்கு மாற்றாமல் பக்கத்திற் செய்யும் எந்தத் திருத்தமும் நிலைக்காது. தமிழ்க் குறியேற்றத்துக்கான இலங்கை நியமமான எஸ்.எல்.எஸ். 1326 வெளிவந்தது 2008இலேயே என்பதை நோக்கின், அதற்கு முந்திய இரு தசாப்தகாலக் கணினி அச்சில் மலையகம் எழுதியவற்றுள் எவ்வளவு முகமூடியோடு கிடக்கின்றது என்பது கவலைக்குரியது.

இவற்றோடு, கண்ணுக்குத் தெரிந்தும் தேடலுக்கு அகப்படாத நிலையும் ஒன்றுண்டு. பி.டி.எவ். பக்கத்தில் வரையப்பட்ட உரு எந்த எழுத்துக்கு உரியது என்ற அட்டவணை உள்ளே வைக்கப்படாவிட்டால், பெயர் அழகாகத் தெரியும். தேடினால் இல்லை என்று பதில் வரும். தாத்தாவின் பெயரைத் தேடி வரும் பேரப்பிள்ளைக்கு அந்த ஆவணம் இருந்தும் இல்லாததே.

எழுத்துரு யாருடையது என்பதும் இங்கே மறக்கத்தக்கதன்று. எழுத்துருக் கோப்பினுள்ளேயே, 'இதனை வேறு ஆவணத்தினுட் பதிக்கலாகாது' என்று உரிமையாளர் குறித்து வைப்பதற்கு ஓரிடம் உண்டு. அக்குறியை மதிக்கும் மென்பொருள் பதிக்க மறுத்துவிடும், மீண்டும் கட்டமே. மொழியின் எழுத்து எவருக்கும் பொதுவாயிருக்க, அதன் உரு தனியுடைமையாகிவிட்ட முரண்பாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டை இக்கட்டுரையாளர் அறியார். திறந்த உரிமத்தில் வெளிவந்த எழுத்துருக்கள் இம்முரண்பாட்டை ஓரளவு தளர்த்தியுள்ளன. அவற்றுள் ஒன்றான நோட்டோவை வெளியிட்டது உலகின் மிகப் பெரிய முதலாளித்துவ நிறுவனங்களில் ஒன்றான கூகிள் என்பதும், வெற்றுக் கட்டத்தைக் கணினித் தொழிலார் 'டோவ்பு' என்று சோயாக் கட்டியின் பெயரால் அழைப்பதால் 'இனி டோவ்பு இல்லை' என்னும் கருத்தில் அப்பெயர் இடப்பட்டது என்பதும் சுவையான செய்திகள். நாம் அதனையே பயன்படுத்தினோம். சாதனத்தை வார்த்தவர் எவராயினும், அது பொதுவில் கிடைக்குமானால் பயன்படுத்துவதில் தவறில்லை. 

தொகுதியின் பழைய கடன் பத்திரங்கள் சிலவற்றில் பற்று, வரவு, மேற்படி, ரூபாய் ஆகியவற்றுக்கான தமிழ்க் கணக்குக் குறிகள் காணப்பட்டன. இவை ஒருங்குறியில் 2003இல் இடம்பெற்றன. பின்னக் குறிகளோ 2019 வரை காத்திருக்க நேர்ந்தது. கடன் கொடுத்தவரின் குறிகளுக்கும் எழுத்துரு தேடவேண்டியதாயிற்று. நோட்டோவின் புதிய பதிப்பு அக்குறையைத் தீர்த்தது.

இவ்வாறு எழுத்துருவைச் சேர்த்து, புதிய பதிப்பு மென்பொருளுக்கு மாறி, பாமினிக் கோப்புகளை ஒருங்குறியாக்கி, ஸ்ரீயை ஒரே வகையாக்கிய பின்னர், ஒரு பழைய வழக்கத்தை மீளக் கொண்டுவந்தோம். ஒருவர் வாசிக்க மற்றவர் மூலத்தோடு ஒப்பிடும் அச்சுக்கூடத் திருத்த முறையைக் கணினிக்கு ஏற்றவாறு அமைத்தோம். உருவான பி.டி.எவ். பக்கத்திலிருந்து எழுத்தை மீண்டும் வெளியே எடுத்து எக்ஸ்எம்எல் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுதல். ஒரு பெயரேனும் வேறுபட்டால் மாற்றத்தை நிறுத்துதல். எச்சரிக்கைக் குறிப்பேட்டை ஒருவர் கட்டாயம் வாசித்துக் கையொப்பமிடுதல். இடையில் ஒருவர், நேரமின்மையால், விடுபட்ட பெயர்களை மட்டும் படமாக்கிப் பக்கத்தில் ஒட்டிவிடலாம் என்றார். மறுத்தோம். படமாக ஒட்டிய பெயர் தேடலுக்குக் கிட்டாது. அடுத்த பதிப்பிலும் அது விடுபடும்.

எல்லாம் சரியான பின்னரே உண்மையான கேள்வி எழுந்தது. எந்தப் பெயரை அச்சிடுவது? ஒரே மூதாட்டிக்கு செக்ரோலில் ஒன்று, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் சிங்களத்தில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, லயத்தில் அழைக்கும் பெயர் இன்னொன்று. எக்ஸ்எம்எல்லில் இவை யாவற்றையும், எது எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு, ஒரே இடத்தில் அடுக்கி வைக்கலாம். 1987இல் தொடங்கிய உரைக் குறியேற்ற முன்முயற்சி, மூலத்தில் உள்ளவாறும் நெறிப்படுத்தியவாறும் ஒரு சொல்லை இணையாகப் பதியத்தக்க குறிகளை வகுத்துத் தந்துள்ளது. ஆனால் பக்கத்திலே ஒன்றுதான் நிற்க முடியும். ஒரு மொழியியலாளர் நெறிப்படுத்திய வடிவை வேண்டினார். வரலாற்று மாணவர் ஒருவர் ஏட்டில் உள்ளதே வேண்டும் என்றார். நாம் குடும்பத்தாரிடம் கேட்டோம். அதற்குள் ஏழு மாதம் சென்றது.

குடும்பத்தார் கூறிய வடிவையே பக்கத்திலும், ஏட்டு வடிவங்களைப் பெயரகராதியிலும் தந்துள்ளோம். சிலருக்கு உறவினர் எவரும் கிடைக்கவில்லை. 1964 ஒப்பந்தத்தின் பின்னர் இந்தியா சென்ற குடும்பங்கள் அவை. அவர்களுடைய பெயரில் ஆங்கில எழுத்து குறிப்பது லகரமா, ளகரமா, ழகரமா என்று ஊகித்து எழுத எமக்கு மனம் வரவில்லை. அப்பெயர்களைக் கிளாக்கர் எழுதிய உரோம வடிவிலேயே அச்சிட்டு, பக்கத்தில் தமிழ் வடிவுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம்.